இடுப்புப் பையில் மச்சாளின் காது

"…அதில்லை அக்கா, நான் கேக்கிறது என்னெண்டால், ஒரு மனுசி இன்னொரு மனுசியை எவ்வளவு காலத்துக்குத் தெரியாமல் இருக்கலாம்? நீங்கள் ஆரோ, நான் ஆரோ. பஸ்சிலை பக்கத்திலை இருக்கிறம், இறங்கினால் அவரவர் வழி. அதாலைதான் உங்களிட்டைக் கேக்கிறன். வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

அக்கா என்று அழைக்கப்பட்டவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்குக் கீழே பாய்மரப் படகுகள் ஞாயிற்றுக்கிழமையை அனுபவித்துக்கொண்டிருந்தன.

அவர் பெயர் பங்கஜம். கேட்டுக்கொண்டிருந்த உஷாவுக்கு அவர் யாரோ அல்ல. கணவர் நவரத்தினத்தின் மூத்த சகோதரி. கலியாணமான நாள் முதல் உஷாவின் மச்சாள். புலம்பெயர்ந்து வந்த ஒரே நகரத்தில், லின்ஃபீல்டில் உஷாவின் வீடு, ஒனிஹங்காவில் மகளோடு மச்சாளின் வீடு. நடுவில் நவரத்தினத்தின் கார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் தோசைக்கு மா அரைத்தால் மற்ற வீட்டில் சட்னி அரைபடும். சைப்பிரஸ் போய்வந்த நாள் தொடக்கம் அது எல்லாம் நின்றுபோயிற்று. மச்சாள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் உஷா சமாளித்திருப்பாள். அவர் செய்தது வேறு. உஷாவைத் தனக்குத் தெரியாது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

தீபாவளிக் கொண்டாட்டத்தில், மண்டபம் நிறைந்த சனத்தின் நடுவே, உஷா கைபிடிக்கப் போனபோது மச்சாள் மெல்லக் கையை எடுத்துக்கொண்டு, "மன்னிக்கோணும், உங்களை எனக்குத் தெரியாது" என்றார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரி பிரசாந்தி அதைப் பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுத் தொலைபேசியை உஷா எடுத்தால், வங்கியிலிருந்து கூப்பிடுகிறவர்களைப் போல, திருவாளர் நவரத்தினத்தோடு கதைக்க முடியுமா என்று கேட்பார். எல்லாவற்றிலும் உஷாவுக்குச் சுட்டது அந்த 'நீங்கள்'தான். முப்பது வருடத்துக்கு மேலாக 'நீ' என்று கூப்பிட்ட வாய் அது.

இன்றைக்குக் கிளென்ஃபீல்டில் சொந்தக்காரர் யசீகரன் வீட்டில் விருந்து. சைப்பிரஸில் தாலி கட்டிய, உஷாவுக்கு மகன் முறையான பெறாமகன் ரஜிதனும் பெண்சாதியும் லண்டனிலிருந்து வந்திருக்கிறார்கள். சொந்தம் முழுக்க அங்கே இருக்கும். புதுப்பெண்ணுக்கு முன்னாலும் மச்சாள் அந்த வசனத்தைச் சொன்னால் அது பகிடியாக இராது. அந்தக் குடும்பத்தின் கதையாகி, பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாகி, நிலைத்துவிடும். நவரத்தினத்துக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்து கார் ஓட்ட முடியாத நிலை. உஷா தனியாக வந்து நகரத்தில் பஸ் ஏறினாள். ஏறிப் பார்த்தால், இருக்கையெல்லாம் நிறையச் சனம். வெறுமையாக இருந்தது ஒரே ஓர் இருக்கை. அதன் ஜன்னல் பக்கத்தில் மச்சாள்.

உஷா அரை நிமிடம் நின்றாள். பிறகு மடியில் பயத்தம் பணியாரச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சட்டி பெரியது. அதைத் தாண்டி மச்சாள் வெளியே போவதென்றால் பஸ்சையே பிரிக்கவேண்டும். அவவுக்கு என்னைத் தெரியாதென்றால் தெரியாமலே இருக்கட்டும், தெரியாத ஆளிடம் எதையும் சொல்லலாம்தானே என்று அவளுக்குத் தோன்றியது. கிளென்ஃபீல்டுக்குப் போக அரை மணித்தியாலம் இருக்கிறது.

"எனக்கொரு மச்சாள் இருக்கிறா அக்கா" என்று தொடங்கினாள். "தங்கமான மனுசி. ஆனால் பிடிச்சால் பிடிச்சதுதான். உங்களைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை, நீங்கள் சாந்தமான ஆள்."

மச்சாள் கையை உயர்த்திக் காதுமெசினைத் தொட்டார். சத்தத்தைக் கூட்டினாரா, குறைத்தாரா என்று உஷாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. குறைத்திருந்தால் இந்தப் பேச்செல்லாம் கடலுக்குள் போகிற பேச்சு. ஆனாலும் விடவில்லை.

சைப்பிரஸ் என்று ஒரு தீவு, என்று அந்த அந்நியருக்கு விளங்கப்படுத்தினாள். நல்ல வெயில், நல்ல கடல், ஒலிவ் மரங்கள், தெருவுக்குத் தெரு பூனைகள். நடுவாலே கோடு கீறின மாதிரிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தெற்கில் ஒரு ஆட்கள், வடக்கில் ஒரு ஆட்கள், நடுவில் ஐநா சபைக்காரர். ஒரு தீவு, ரெண்டு பக்கம், இடையில் சென்றி என்கிற சோதனைச்சாவடி. இதைக் கேட்டால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது? உல்லாசப் பயணம் போகிறோமா, ஊருக்குப் போகிறோமா என்று தனக்கே குழம்பிவிட்டதாம்.

"லண்டன் பிள்ளையள் இப்ப அங்கை போய்த்தான் கலியாணம் கட்டுதுகள். கடற்கரை ஹோட்டலிலை மணவறை. ஐயர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மந்திரம் சொன்னவர் அக்கா, நான் பொய் சொல்லேல்லை."

கலியாணத்தில் ஒரு குறையும் இல்லை. குறை அதற்கு அடுத்த நாள். நிக்கோசியா என்கிற நகரத்துக்குப் போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று மச்சாள் ஒற்றைக்காலில் நின்றார் என்று உஷா சொன்னாள்.

ஜன்னலோரத்தில் ஒரு மூச்சு கொஞ்சம் பலமாக வெளியே வந்தது.

"சரி. ஒற்றைக்காலிலை நிண்டது நான்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன். உங்களுக்கென்ன, நீங்கள் அங்கை வந்தனீங்களோ."

அவளுக்கு அந்த இடத்தைப் பார்க்க ஆசை இருந்தது உண்மை. ஆரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், அங்கே சனம் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு சென்றியைக் கடக்கிறது என்று. ஒரு கையில் பாஸ்போட், மற்றக் கையில் ஐஸ்கிறீம். இப்படியும் ஒரு சென்றி உலகத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் கண்ணால் கண்டுவிட்டுச் செத்தால் போதும் என்று நினைத்தாள். இதை அந்நியரிடம் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு தானே அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, பாதுகாப்பைப் பற்றிச் சொல்லப் போனாள்.

மகன் அகில் அரசாங்கத்தின் பயண எச்சரிக்கையை வாசித்துக் காட்டினானாம். பாஸ்போட்டைக் கையோடு வைத்திருக்கவேண்டும், ஆமிக்காரரைப் படம் எடுக்கக்கூடாது, வாடகைக் காரின் காப்புறுதி மற்றப் பக்கத்தில் செல்லாது. அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு எச்சரிக்கையா என்று உஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை எழுதின பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு சென்றியைக் கண்டிருக்காது. கண்ட ஆட்கள் என்ன செய்வார்கள்? வார் வைத்த செருப்புப் போடமாட்டார்கள், கழற்று என்றால் உடனே கழற்றவேண்டும். கைப்பையில் ஒவ்வொரு சாமானையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் வைப்பார்கள், கொட்டு என்றால் கொட்டி அள்ளச் சுகம். எவ்வளவு நேரம் இருத்தி வைப்பார்களோ என்று பிஸ்கற்றும் தண்ணீரும் கொண்டுபோவார்கள், இருக்கிறதுக்கு ஒரு பழைய பேப்பரும். நகையைப் பாதி பாதியாகப் பிரிப்பார்கள். பாஸ்போட்டுகளைக் கைப்பையில் வைப்பது மடைத்தனம். இடுப்பில், பாவாடைக்கு உள்ளே, அதற்கென்று தைத்த பையில் வைப்பார்கள். அவரவர் தனித்தனியாக அல்ல, கவனமான ஆள் எவரோ அவர்தான். ரெண்டு பேரின் பாஸ்போட்டையும்.

"அந்தக் கவனமான ஆள் நான்" என்றாள் உஷா. "ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்."

பஸ் பாலத்தை விட்டு இறங்கி, ஒனேவா வீதி ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. பின்னால் யாரோ ஒரு பெடியனின் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. உஷா சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். வறுத்த பயறும் ஏலக்காயும் சர்க்கரையும் ஒருகணம் அந்த இருக்கையைச் சுற்றி நின்றன. மச்சாளுக்குப் பயத்தம் பணியாரம் என்றால் உயிர். மூக்கு அசைந்ததா என்று பார்த்தாள். மூக்கு அசையவில்லை. ஆனால் தொண்டை ஒருதரம் விழுங்கியது.

"அடுத்தது பற்றரி" என்றாள்.

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் தயங்கினாள். ஆனால் அந்நியரிடம் என்ன தயக்கம். ஊரில் பற்றரி ரெண்டு பிடிபட்டால் ஆள் பிடிபட்ட மாதிரி. தடைசெய்த சாமான்களில் முதலாவது பற்றரி. டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரியால் எத்தனை பேர் மணிக்கணக்காய் வெயிலில் நின்றார்கள். அந்தப் பழக்கம் எலும்புக்குள் இறங்கிவிட்டது. அதனால் நிக்கோசியாவில் அந்தக் கடைத்தெருவில், சென்றி கண்ணுக்குத் தெரிந்ததும், அவள் மச்சாளை ஒரு சப்பாத்துக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மச்சாளின் காதுமெசின் ரெண்டையும் வாங்கி, அதிலிருந்த குட்டிப் பற்றரிகளைக் கழற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, இடுப்புப் பைக்குள் செருகினாள்.

"சிரிக்கிறியளோ? சிரியுங்கோ. இப்ப எனக்கே சிரிப்பு வருது. மெசின் இல்லாட்டி அவவுக்கு இடி விழுந்தாலும் கேளாது. ஆனா அண்டைக்கு அவவும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. கழட்டித் தந்தவ. அவவுக்கும் அது சரியெண்டுதான் பட்டிருக்கு. ரெண்டு விசரியள்."

மச்சாள் சிரிக்கவில்லை. கைகள் மட்டும் மடியிலிருந்த பையை ஒருதரம் இறுக்கிப் பிடித்துத் தளர்ந்தன.

இப்போது விஷயம் என்னவென்றால், என்று உஷா கணக்குக் காட்டினாள். மச்சாளின் பாஸ்போட் தன் இடுப்பில். மச்சாளின் காதும் தன் இடுப்பில். அந்த நிலையில் ரெண்டு பேரும் சென்றியை நோக்கி நடக்கிறார்கள். பக்கத்தில் சனம் உண்மையாகவே ஐஸ்கிறீமோடு நடக்கிறது. ஒரு குழந்தை பலூனோடு போகிறது. தெருவில் பூச்சாடிகள். அதைக் கண்டு மனம் ஆறுதல்படவேண்டும் அல்லவா? உஷாவின் மனம் ஆறுதல்படவில்லை. சீருடை ஒன்று கண்ணில் பட்டதும் அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே அகலத் தொடங்கின. மச்சாளுக்கு ஒரு அடி முன்னால், பிறகு நாலு அடி, பிறகு ஒரு முழு வரிசை. சேர்ந்து நிற்கக்கூடாது. சேர்ந்து நின்றால் சேர்த்துப் பிடிப்பார்கள். ஒருவர் பிடிபட்டால் மற்றவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். அதுதான் எல்லா எச்சரிக்கைக்கும் மேலான எச்சரிக்கை. அது எந்த அரசாங்கத்தின் இணையப் பக்கத்திலும் எழுதியிருக்காது.

உஷா சென்றிக் கூண்டுக்கு முன்னால் வந்தாள். தன் பாஸ்போட்டை முதலே எடுத்துக் கையில் வைத்திருந்தாள். உள்ளே இருந்த பொலிஸ்காரர், மகன் வயதிருக்கும், பார்த்தார், சிரித்தார், போ என்றார். பையைக் கொட்டச் சொல்லவில்லை. செருப்பைப் பார்க்கவில்லை. அவ்வளவுதானா என்று ஏமாற்றமாய்க் கூட இருந்தது. திரும்பிப் பாராமல் நடந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது அடுத்த விதி.

பின்னால் மச்சாள் கூண்டுக்கு வந்தார். பாஸ்போட் எங்கே என்று கேட்டிருப்பார்கள். மச்சாளுக்குக் கேட்டிராது. திரும்பவும் கேட்டிருப்பார்கள். பிறகு விளங்கி, மச்சாள் கையை நீட்டி உஷாவைக் காட்டியிருக்கிறார். பொலிஸ்காரர் வெளியே எட்டி, மேடம், மேடம் என்று கூப்பிட்டார். உஷா நின்றாள். இந்த அம்மா உங்களோடு வந்தவரா, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

உஷா பேச்சை நிறுத்தினாள். பஸ்சில் ஏறியதிலிருந்து அவள் வாய் நின்றது இதுதான் முதல் தடவை. மடியில் சட்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வெளியே ஏற்றம் முடிந்து, வேலிகளும் எலுமிச்சை மரங்களும் கொடியில் காயும் உடுப்புகளும் பின்னால் போயின.

"தெரியாது எண்டனான் அக்கா" என்றாள் மெல்ல.



"அவவுக்கு நான் சொன்னது கேட்டிராது. காது என்ரை இடுப்பிலையெல்லே. ஆனால் நான் தலையாட்டினதைக் கண்டவ. கண் நல்ல கண்."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் அவசரமாகச் சொன்னாள். கோட்டுக்கு நடுவில், மண்மூட்டை அடுக்கின ஒரு பழைய கட்டடத்தின் ஓரமாய் அவள் குந்தியிருந்தாள். ஒரு பூனை வந்து காலில் உரசினது. பிஸ்கற்றைப் பிரித்துப் பூனைக்குப் போட்டாள். இடுப்பில் ஏதோ குத்துகிறதே என்று கைவைத்துப் பார்த்தபோதுதான் ரெண்டாவது பாஸ்போட் கையில் தட்டுப்பட்டது. ஓடினாள். பொலிஸ்காரருக்கு முன்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, உடுப்புக்குள் கைவிட்டு, முடிச்சு இறுகி, அவிழ மாட்டேன் என்று நின்று, கடைசியில் பொலிஸ் பெண் ஒருத்தி கத்தரிக்கோல் கொடுத்தாள். மச்சாள் ஒரு நாற்காலியில், கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு, சிலை மாதிரி இருந்தார். உஷா பற்றரியைக் கொடுத்தாள். மச்சாள் அதை நிதானமாய்ப் போட்டு, மெசினைக் காதில் வைத்து, அழகான இங்கிலீசில் பொலிஸ்காரரிடம், இந்தப் பெண் ஆரென்று எனக்குத் தெரியாது, ஆனால் பாஸ்போட் என்னுடையது என்றார்.

"அண்டையிலையிருந்து இண்டைவரைக்கும் தெரியாதாம்."

உஷா தன்பாட்டில் முறைப்பட்டாள். சொன்னது பிழைதான், ஆனால் எவ்வளவு காலத்துக்கு? எல்லாரும் உஷாவைத்தான் சொல்கிறார்கள். நவரத்தினமும் அக்காவின் பக்கம். அகில் கூட, அம்மா, ஹௌ குட் யூ, என்கிறான். ஆரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தத் தெரியாது என்கிற சொல்லை உனக்கு ஆர் சொல்லித் தந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நீங்களும் கேக்கமாட்டியள். பரவாயில்லை, நானே சொல்லுறன். அவதான்."

கலியாணமாகிக் கொஞ்ச நாள். வயிற்றில் மூத்த பிள்ளை. ரெண்டு பேரும் ஊரில் தாண்டிக்குளத்துச் சென்றியால் வருகிறார்கள். வரிசைக்குள் போக முதல் மச்சாள் அவளை ஓரத்தில் இழுத்து வைத்து, நீ வரிசையின் மற்ற அந்தலையில் நில், என்னைப் பார்க்காதே, கேட்டால் என்னைத் தெரியாது என்று சொல், என்றார். மச்சாளின் ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்த ஊரின் பெயர் ஆமிக்காரருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். போக முதல் உஷாவைக் காட்டி, அவள் உன்னோடு வந்தவளா என்று கேட்டார்கள். மச்சாள் அவளை ஒருதரம், சந்தையில் தக்காளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தெரியாது என்றார். உஷா வெயில் சாயும்வரை ஒரு மரத்தின் கீழே இருந்தாள். தன்னைத் தெரியாது என்று சொன்னவருக்காக வாய்க்குள்ளே கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே வந்த மச்சாள் சொன்ன முதல் சொல், சோடா வாங்கித் தா.

"எனக்கு அண்டையிலையிருந்து அந்தச் சொல்லு அப்பிடித்தான் அக்கா. ஒராளை எனக்குத் தெரியாது எண்டு நான் சொன்னால், அந்த ஆளிலை எனக்கு அவ்வளவு பட்சம் எண்டு அர்த்தம். அந்தப் பொலிஸ் பெடியனுக்கு இது விளங்காது. அவனிலை பிழையில்லை. அவவுக்கு விளங்கவேணுமெல்லே? அவ சொல்லித் தந்ததுதானே?"

கேட்டுவிட்டு உஷா சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிச் சொல்ல ஒன்றும் இல்லை. காதுமெசின் குறைத்துத்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். பஸ் நின்றது, ரெண்டு பேர் இறங்கினார்கள், பஸ் புறப்பட்டது.

"அண்டைக்கு உன்ரை ஐசி உன்ரை கையிலை இருந்ததடி, விசரி" என்றது ஜன்னலோரம்.

உஷா அசையவில்லை. அசைந்தால் அது நின்றுவிடும் என்று பயந்தாள்.

அது நிற்கவில்லை. ஐசியைக் கையில் தந்துவிட்டுத்தானே நான் உன்னைத் தெரியாது என்றேன், என்று மச்சாள் கேட்டார். உன்னுடையதையும் என் இடுப்பில் கட்டிக்கொண்டா சொன்னேன்? கட்டிக்கொண்டு சொல்கிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். அந்தச் சப்பாத்துக் கடை வாசலில் காதைக் கழற்றித் தா என்று நீ கேட்டபோதே எனக்குத் தெரியும், இது வில்லங்கத்தில் முடியும் என்று. ஏன் தந்தேன்? உன்னுடைய முகம் தாண்டிக்குளத்து முகமாய் இருந்தது, அதனால் தந்தேன். பிறகு நாற்காலியில் ஒரு சத்தமும் கேளாமல் இருக்கிறேன், அந்தப் பொலிஸ் பெண் என்னவோ சொல்கிறாள், வாய் அசைகிறது, விடவும் மாட்டாளாம் பிடிக்கவும் மாட்டாளாம், நான் நினைத்தது என்ன தெரியுமா? இவள் அங்கே நடுவில் தனியாக நிற்கிறாளே, ஆமிக்காரரைப் படம் எடுத்துத் தொலைக்கப் போகிறாளே என்று. உனக்காக நான் பயந்துகொண்டு இருக்க, நீ பூனைக்குப் பிஸ்கற் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். இதை இண்டைக்குத்தான் கேள்விப்படுகிறேன். பூனைக்கு. எனக்கு வாங்கின பிஸ்கற்றை.

கை தானாக நீண்டு சட்டியைத் திறந்தது. ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்து, சர்க்கரை கூட, சுக்குப் போடவில்லை, முன்னமே சொன்னனான் சுக்குப் போடச் சொல்லி, என்று தொடர்ந்தது.

கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதி வந்தது. இறங்கவேண்டிய இடம் அதுதான். உஷாவுக்குத் தெரியும். மணியின் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. யசீகரன் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், புதுப்பெண் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உஷா கையை மடியிலேயே வைத்திருந்தாள். கதவு திறந்து, ஆட்கள் இறங்கி, கதவு மூடியது.

"இவ்வளவு நேரமாய் நான் ஒருத்தி கத்துறன்" என்றார் மச்சாள், வாயில் பணியாரத்தோடு. "நீ என்ன, பேசாமல் இருக்கிறாய்?"